‘வாப்பா, நம்மாளுங்க எந்தப் பக்கம்?’

போர் வரலாற்றைக் காரைக்கால் முஸ்லிம் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் வழியாகச் சொல்வது? ஒரு சிறப்புப் பார்வை

1943 கோடைக்காலம். ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த பாரிஸ் நகரம். இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் கையில் கனத்த சூட்கேஸோடு வீடு மாறி வீடு போய்க்கொண்டே இருக்கிறார். சூட்கேஸுக்குள் வயர்லெஸ் கருவி. ஓரிடத்தில் நின்று அதிக நேரம் லண்டனுக்குச் செய்தி தட்டினால், அலைவரிசையைத் துப்பறியும் ஜெர்மன் வேன்கள் வாசலுக்கே வந்துவிடும். ரயிலில் ஒருமுறை ஜெர்மன் சிப்பாய்கள் பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்க, சினிமா புரொஜெக்டர் என்று சொல்லித் தப்பித்தார் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடும்படி லண்டன் சொல்லியும் அவர் நகரவில்லை. அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் பெயர் நூர் இனாயத் கான். தந்தை சூஃபி ஞானியும் இசைக் கலைஞருமான ஹஸ்ரத் இனாயத் கான். திப்பு சுல்தான் வழிவந்த குடும்பம். போருக்கு முன்பு நூர் பார்த்த வேலை, குழந்தைகளுக்குக் கதை எழுதுவது. புத்த ஜாதகக் கதைகளில் இருபதைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939-ல் புத்தகமாக வெளியிட்டவர். இறந்தபின் பிரிட்டன் அவருக்கு 1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தது. பிரான்ஸும் போர்ச் சிலுவை விருது கொடுத்துக் கௌரவித்தது.

இந்தக் கதை காரைக்காலுக்குத் தூரத்துக் கதை இல்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தபோது, பிரெஞ்சிந்தியாவின் ஆளுநர் லூயி போன்வென் ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசை ஏற்க மறுத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த ஜெனரல் தெகோல் பக்கம் புதுச்சேரியையும் காரைக்காலையும் சேர்த்தார். நூர் எந்த பிரான்ஸுக்காகச் செத்தாரோ, அந்த பிரான்ஸின் கொடிதான் அன்று அரசலாற்றங்கரையிலும் பறந்தது.

இதைச் சொல்லும் ஒரு புத்தகம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக எடுத்துப் படிக்கக்கூடிய தமிழில், காரைக்கால் வீடுகளில் உண்டா? பிள்ளைகள் போரைப் பார்க்காமல் இல்லை. 2023 அக்டோபரிலிருந்து காஸா அவர்கள் கைப்பேசியில் தினமும் வருகிறது. ஐம்பது விநாடி வீடியோ, அதற்குப் பின்னால் ஒரு பாட்டு, கீழே வசவுகள். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி எந்த வீட்டிலும் ஒன்றுதான்: ‘வாப்பா, நம்மாளுங்க எந்தப் பக்கம்?’

அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தரும் புத்தகத்தை வாங்காதீர்கள். முஸ்லிம்கள் எல்லாரும் மாவீரர்களாக வரும் புத்தகமும் சரி, எல்லாரும் அடிபடுபவர்களாக மட்டுமே வரும் புத்தகமும் சரி, பிள்ளைக்குப் பாதி வரலாற்றைத்தான் தருகின்றன. மீதிப் பாதியை அவனுக்குச் சொல்லித்தர வேறு யாராவது, வேறு நோக்கத்தோடு காத்திருக்கிறார்கள்.

கொடி மாறிய கரை

காரைக்காலை பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பெற்றார்கள். அதன்பின் ஐரோப்பாவில் பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதும்போதெல்லாம் இங்கே கொடி மாறியது. பாரிஸிலும் வெர்சாயிலும் கையெழுத்தான உடன்படிக்கைகள் இந்தச் சின்ன ஊரின் சுங்கச்சாவடியில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானித்தன.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போனவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1938-ல் புதுச்சேரி கடற்கரையில் எழுந்தது. முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் பிரான்ஸின் தேசிய தினமான ஜூலை 14-ஐ இன்றும் இங்கே கொண்டாடுகின்றன.

> பெட்டிச் செய்தி: தேதிகளில் காரைக்கால்
> 1739: பிரெஞ்சுக்காரர் கைக்கு வருகிறது.
> 1760: ஆங்கிலேயர் பிடிக்கிறார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பக் கிடைக்கிறது.
> 1778, 1793: மீண்டும் மீண்டும் ஆங்கிலேயர் வசம்.
> 1814 உடன்படிக்கைக்குப் பின்: நிலையாக பிரெஞ்சு ஆட்சி.
> 1940 செப்டம்பர்: தெகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம்.
> 1954 நவம்பர் 1: நிர்வாகம் இந்தியாவிடம்.
> 1962 ஆகஸ்ட் 16: சட்டப்படி இந்தியாவோடு இணைப்பு.

வியாபாரத்துக்காகக் கப்பலேறிய மரைக்காயர் குடும்பங்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. காரைக்கால், நாகூர்ச் சபுராளிகள் சைகோனிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்தார்கள். சைகோனின் தோங் து தெருவில் இன்றும் நிற்கும் பள்ளிவாசல் 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. போர் வந்தபோது சைகோன் விஷி பிரான்ஸின் கையில் இருந்தது, ஜப்பானியப் படையும் அங்கே முகாமிட்டிருந்தது. காரைக்காலோ தெகோல் பக்கம். ஆக, கணவர் சைகோனில், மனைவி மக்கள் காரைக்காலில் என்றிருந்த ஒரு குடும்பம் போரில் எதிரெதிரே நின்ற இரண்டு பிரான்ஸுகளுக்குள் மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் என்று அந்தக் குடும்பத்திடம் யாரும் கேட்கவே இல்லை.

இம்பாலில் இரு பக்கமும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய சிறுவர் புத்தகத்தை எடை போட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 1944-ன் இம்பால் போரை அது எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்.

அந்த ஏப்ரல் 6 அன்று, இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றின் மேலிருந்த ஜப்பானிய நிலையைத் தாக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஜமேதார் அப்துல் ஹபீஸ். ஒன்பதாம் ஜாட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர், வயது பதினெட்டு. காலில் குண்டடி பட்டபின்னும் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைப் பிடுங்கி முன்னேறி உயிரை விட்டார். விக்டோரியா கிராஸ் பெற்ற இந்தியர்களில் மிக இளையவர் அவர்தான்.

அதே போர்முனையில் எதிர்ப்பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சுபாஸ் படைப்பிரிவை நடத்தியவர் ஷா நவாஸ் கான். 1945 நவம்பரில் செங்கோட்டையில் பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோரோடு ராஜத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டவர். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர் என்று மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றியதுதான் அந்த வழக்கை நாடெங்கும் தீயாகப் பரப்பியது.

நேதாஜி ஜெர்மனியிலிருந்து கிழக்கே வந்த நீர்மூழ்கிக் கப்பலில் உடன் வந்தவர் ஹைதராபாத்தின் ஆபித் ஹசன். ‘ஜெய் ஹிந்த்’ முழக்கத்தைத் தந்தவர் என்று சொல்லப்படுபவர். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அமைந்த ஆசாத் ஹிந்த் அரசின் ஆலோசகர் பட்டியலில் ஒரு தமிழ் முஸ்லிமும் இருக்கிறார்: பத்திரிகையாளர் கரீம் கனி. பர்மாவில் அரசியல் நடத்தி, போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகை நடத்தியவர். 1950-ல் அங்கே நடந்த மரியா ஹெர்டாக் கலவரத்தை ஒட்டிச் சிறையும் கண்டவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

அப்துல் ஹபீஸ் துரோகி என்றோ, ஷா நவாஸ் தேசத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்றோ ஒரு சிறுவர் புத்தகம் முடித்துவைத்தால் அது வேண்டாம். ஒருவர் சம்பளத்துக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் ரெஜிமென்ட்டின் மானத்துக்கும் நின்றார். இன்னொருவர் எடுத்த பிரமாணத்தை உடைத்து நாட்டின் விடுதலைக்கு நின்றார். இந்த வேறுபாட்டைப் பதினோரு வயதுப் பிள்ளை தாராளமாகப் புரிந்துகொள்ளும்.

அந்தப் புத்தகத்தில் மூன்றாவது கூட்டமும் இருந்தாக வேண்டும். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பான் போட்டது. 1943 அக்டோபரில் முடிந்த அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்பது கணிப்பு. நேதாஜியின் தோழன் ஜப்பான் என்று மட்டும் படிக்கும் பிள்ளை, அதே ஜப்பான் தமிழர்களை என்ன செய்தது என்பதையும் படிக்க வேண்டும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் பதினைந்து பதினாறு வயதுக்காரர்கள் கையில் கொடுக்கலாம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைக் கல்லூரி போகும்போது கொடுங்கள். அதற்குமுன் அதன் நடையில் பிள்ளை திணறும்.

ஹைதர் வந்த வழி

கடல் கடந்த போர்களை எளிதாகச் சொல்லிவிடலாம். சொந்த வயலில் நடந்த போரைச் சொல்வதுதான் கடினம். 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே அன்னக்குடியில் ஆங்கிலேயக் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைத்தார் திப்பு. ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அந்த மாதக் கடைசியில் கடலூரில் சுஃப்ரெனைத் திப்புவின் தந்தை ஹைதர் அலி நேரில் சந்தித்தார். உலகப் போர் என்று சொல்லத்தக்க அளவில் பரந்து கிடந்த ஒரு சண்டையின் நடுமுற்றமாகக் காவிரி டெல்டா இருந்தது.

இதையெல்லாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் 1781-ல் ஹைதரின் குதிரைப்படை தஞ்சை நாட்டில் புகுந்தபோது வயல்கள் எரிந்தன, மதகுகள் உடைந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மனிதர்களும் மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தஞ்சையின் விளைச்சல் அந்த ஆண்டுகளில் அதலபாதாளத்துக்குப் போனது. எரிந்த ஊர்களில் இருந்தவர்கள் எந்த மதத்தவராயினும் பட்டினி ஒன்றுதான். மைசூரில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த அதே படைதான் இங்கே விதைநெல்லைக் கொளுத்தியது. திப்புவைப் புலியாக வரையும் படப்புத்தகம் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தந்தால், பள்ளியில் வேறொரு பிள்ளை இதைச் சொல்லும்போது நம் பிள்ளை வாயடைத்துப் போவான். முன்பே படித்தவன் தலைநிமிர்ந்து, ‘ஆமாம், நடந்தது. இன்னதும் நடந்தது’ என்று பேசுவான். புத்தகத் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நிமிடத்தில் தெரியும்.

பாடப்புத்தகம் மாறிவிட்டது

இப்போது இதைப் பேசவேண்டிய அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 2023-24 கல்வியாண்டிலிருந்து புதுச்சேரி அரசு சிபிஎஸ்இ-க்கு மாறியது. பிள்ளைகள் வரலாற்றை இப்போது என்சிஇஆர்டி புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்களே மாறிக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் நூல் பாபரைக் கொடூரமான வெற்றியாளராக வர்ணிக்கிறது. கடந்தகாலக் கொடுமைகளுக்கு இன்று இருக்கும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பையும் அதே நூல் சேர்த்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சி பற்றிய அதன் பாடத்தில் ஹைதரும் திப்புவும் மைசூர்ப் போர்களும் இல்லை.

வகுப்பறையில் ஒரு முஸ்லிம் பிள்ளை பாபர் பாடத்தின்போது எப்படி உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. பாபரின் வாளைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, ஆங்கிலேயரை எதிர்த்து 1799-ல் களத்தில் செத்த திப்புவை விட்டுவிட்டால், முஸ்லிம் என்பவர் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர் மட்டும்தான் என்ற கணக்கு பிள்ளைகள் மனதில் விழுகிறது. முஸ்லிம் பிள்ளையின் மனதிலும் அதே கணக்குத்தான் விழும். பள்ளிப் புத்தகத்தை ஒரு குடும்பத்தால் மாற்ற முடியாது. பக்கத்தில் இன்னொரு புத்தகம் வைக்க முடியும். மாறிய புத்தகத்தால் வீட்டின் பொறுப்பு கூடியிருக்கிறது.

காப்பாற்றியவர்களும் கூட்டுச் சேர்ந்தவர்களும்

ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையை முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். காஸாவைப் பார்த்துக்கொண்டு ஆன் ஃபிராங்கைப் படிப்பதா என்பது அவர்களின் வலி. படிக்கத்தான் வேண்டும். ஒளிந்து வாழ்ந்த அந்தச் சிறுமியின் பயத்தை உணர்ந்த பிள்ளைதான், குண்டு விழும் காஸாவின் சிறுமியை ஓர் அரசியல் கட்சியின் கொடியாகப் பார்க்காமல் சிறுமியாகப் பார்க்கும். ஒரு துயரத்தை மறுத்துத்தான் இன்னொன்றை மதிக்க முடியும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால், அது பெரிய கேடு.

இந்த வரலாற்றில் முஸ்லிம்கள் உள்ளேயே இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக இறந்த முஸ்லிம் வீரர்களின் நினைவாக 1926-ல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது யூதர்களுக்கு அடைக்கலமும் முஸ்லிம் என்ற சான்றிதழும் கொடுத்தது. அல்ஜீரியாவில் பிறந்த யூதப் பாடகர் சலீம் ஹலாலி அப்படிப் பிழைத்தவர். அப்போது பள்ளிவாசலின் தலைவர் சி கத்தூர் பென்கப்ரித். காப்பாற்றப்பட்டவர்கள் நூறு பேரா, ஆயிரத்துக்கு மேலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நல்ல புத்தகம் அந்தச் சர்ச்சையையும் சேர்த்தே சொல்லும். பெரிய எண்ணைப் போட்டு மார்தட்டும் புத்தகத்தை நம்பாதீர்கள்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அல்பேனியாவில், போர் முடிந்தபோது யூதர்களின் எண்ணிக்கை போருக்கு முன் இருந்ததைவிட அதிகம். போஸ்னியாவின் சரயேவோவில் ஸைனபா ஹர்தாகாவின் குடும்பம் யூத நண்பர்களைத் தன் வீட்டில் மறைத்து வைத்தது. அதே போஸ்னியாவிலிருந்து முஸ்லிம் இளைஞர்களைச் சேர்த்து ஹிட்லரின் எஸ்எஸ் படை ஒரு பிரிவை அமைத்ததும், ஜெருசலேம் முஃப்தி அமீன் அல் ஹுசைனி 1941 நவம்பரில் ஹிட்லரைச் சந்தித்ததும் உண்மை. பதினான்கு வயதுக்கு மேல் இதையும் மறைக்கத் தேவையில்லை.

> பெட்டிச் செய்தி: வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்
> எண்ணிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று நூல் சொல்கிறதா?
> பெண்களும் கூலிகளும் அகதிகளும் வருகிறார்களா, தளபதிகள் மட்டுமா?
> எதிரிக்குப் பெயரும் முகமும் உண்டா?
> எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பிணப் படங்கள் வேண்டாம். தப்பித்தவர், காப்பாற்றியவர் கதை போதும்.
> படித்து முடித்ததும் பிள்ளை ஒரு கேள்வியாவது கேட்கிறதா?

போர்க்கதை தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதில்லை. ‘படைப்போர்’ என்றே தனி இலக்கிய வகை நம்மிடம் இருக்கிறது. வரிசை முகியித்தீன் புலவரின் ‘சக்கூன் படைப்போர்’ 1686-ல் எழுந்தது. கூட்டமாக உட்கார்ந்து கேட்ட காவியங்கள் இவை. வீரத்தோடு நிற்காத ஒரு மரபும் நமக்குண்டு. பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுத்தந்தால் விடுதலை என்று ஏற்பாடானதாக வரலாறு சொல்கிறது. பெண்ணையும் பிள்ளையையும் முதியவரையும் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே என்ற கட்டளைகளோடு அபூபக்கர் (ரலி) சிரியாவுக்குப் படையை அனுப்பினார். எந்தப் போரையும், யார் நடத்திய போரையும், பிள்ளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கட்டும். ஹைதரின் படையையும், எஸ்எஸ் படையில் சேர்ந்த முஸ்லிம்களையும், காஸாமீது குண்டு போடுபவர்களையும் அதே கோலால் அளக்கட்டும்.

எதிர்க்கரையின் 1990

தமிழ்ப் பதிப்பாளர்கள் அதிகம் தயங்கும் அத்தியாயம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். அந்த யாழ்ப்பாணத்திலிருந்துதான் 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரக் கெடுவில், முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக வீடிழந்தவர்கள் ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம். அதற்குமுன் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. 2002-ல் புலிகளின் சார்பில் ஆன்டன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார்.

ஈழத்தமிழர் துயரத்துக்கு அழுத தமிழ்நாடு, இதே மொழி பேசிய இந்த மக்களின் துயரத்தைப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. ஷர்மிளா செய்யித்தின் ‘உம்மத்’ போன்ற நாவல்கள் பெரியவர்களுக்கானவை. பதின்மூன்று வயதுக்காரருக்கு, தமிழரின் வலியையும் முஸ்லிமின் வலியையும் ஒரே புத்தகத்தில் சொல்லும் எழுத்து உடனடித் தேவை. கடையில் அதைத் தேடிக் களைத்த பெற்றோரின் குறையை இந்தப் பத்திரிகையும் பகிர்ந்துகொள்கிறது.

யார் எழுதுவது?

பதிப்பகங்கள் எழுதட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். ஆங்கிலத்தில் நூர் பற்றியும் பாரிஸ் பள்ளிவாசல் பற்றியும் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. உரிமை வாங்கித் தமிழில் கொண்டுவருவதைச் சென்னையின் இஸ்லாமியப் பதிப்பகங்களும், சிறுவர் நூல்களுக்கெனப் பெயர் பெற்ற பதிப்பகங்களும் சேர்ந்தே செய்யலாம். ஜமாஅத்துகள் ஆண்டுவிழாப் பரிசாகக் கொடுக்கும் கோப்பைக்கும் தட்டுக்கும் பதிலாக இந்தப் புத்தகங்களைக் கொடுக்கலாம். மதரஸா நூலகத்திலும் காரைக்கால் பொது நூலகத்திலும் தனி அடுக்கு கேட்டு மனுக் கொடுங்கள். பிற சமயப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கும் இடத்தில் அந்த அடுக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு வேலையை எந்தப் பதிப்பகமும் செய்ய முடியாது. சைகோன் ரசீதுகள், பிரெஞ்சு பாஸ்போர்ட்டுகள், ராணுவ ஓய்வூதியத் தாள்கள், ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களின் கடிதங்கள் என்று காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் வீடுகளின் பரண்களில் எவ்வளவோ கிடக்கலாம். கறையான் தின்பதற்குள் அவற்றை எடுத்துப் படம் பிடியுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற, ஆவணங்களைப் பாதுகாக்கத் தெரிந்த இடங்களை அணுகுங்கள். விடுமுறையில் வீட்டிலிருக்கும் மூத்தம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு கைப்பேசியை வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்ய உங்கள் பிள்ளையையே அனுப்புங்கள். 1942-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூற்று மூன்று தாண்டிவிட்டது. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.